நட்பு நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும் உரிமை வல்லரசுக்கு உண்டா?

ஒரு பெரிய நாடு, தன்னை நம்பியிருக்கும் சிறிய நட்பு நாட்டிடம், "போர் வராமலிருக்க உன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடு" என்று நெருக்கலாமா? சில மாவட்டங்களைக் கொடுத்தால் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைக்கும் என்றால் அதில் என்ன தவறு? கேள்வி இதுதான்.

அது அந்த நாட்டின் சொந்த நிலம் என்றால் நெருக்கக் கூடாது என்பது என் பதில். "உனக்காக என்னால் போரிட முடியாது" என்று சொல்ல எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. கேட்க வருத்தமாக இருந்தாலும் அது நேர்மையான பேச்சு. "நீயே கையெழுத்துப் போட்டுக் கொடு, மறுத்தால் நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு" என்று மிரட்டுவது வேறு. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் குழம்பிப் போகிறது.

மண்ணின் மானம், தேசப் பெருமை என்று நான் பேச வரவில்லை. வெறும் கணக்காகப் பார்த்தாலே இது தேறாது. நிலம் பத்து நாளில் கைமாறிவிடும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியைத் தருபவரோ "எனக்குப் போர் வேண்டாம்" என்று இப்போதுதான் சொன்னவர். உன்னிடம் மலையும் அரணும் படையும் இருந்தபோது உனக்காக நிற்காதவர், அவையெல்லாம் போன பிறகு நிற்பாரா?

இந்தக் கேள்வியோடு 1938-ல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு நடந்ததைப் பார்க்கலாம். அந்த நாட்டின் ஒரு பகுதியை ஹிட்லரின் ஜெர்மனிக்குக் கொடுத்த ம்யூனிக் ஒப்பந்தம் என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய பத்து நாட்களில் நட்பு நாடுகள் தலைநகர் பிராகில் இருந்த செக் அரசை எப்படி நெருக்கின என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. எனக்கு அந்தப் பத்து நாட்கள்தான் முக்கியமாகத் தெரிகின்றன.

முதல் உலகப் போரின் முடிவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தபோது, 1918 அக்டோபர் 28 அன்று பிறந்த நாடு அது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜெர்மன் மொழி பேசுபவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் எல்லையோர மலைப்பகுதிகளில் வாழ்ந்தார்கள். அதைத்தான் சுடேட்டன்லாந்து என்பார்கள். அவர்களுடைய மனக்குறை பொய்யானது அல்ல. புதிய நாட்டில் சேர்க்கும்போது யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. 1919 மார்ச் 4 அன்று ஆர்ப்பாட்டம் செய்தவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில், ஏற்றுமதியை நம்பியிருந்த அவர்களுடைய கண்ணாடித் தொழிலும் நெசவுத் தொழிலும் படுத்துவிட்டன. செக் பகுதிகளைவிட அங்கே வேலையில்லாதவர்கள் அதிகம். இதையெல்லாம் சொல்லாமல் ம்யூனிக் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் அந்தக் குறைகள் தீர்ந்துவிடுவது ஹிட்லருக்குத் தேவைப்படவில்லை. சுடேட்டன் ஜெர்மன் கட்சித் தலைவர் கொன்ராட் ஹென்லைன் 1938 மார்ச் 28 அன்று அவரைச் சந்தித்தார். செக் அரசு ஏற்கவே முடியாத கோரிக்கைகளைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே முடிவான வழி. செப்டம்பர் முதல் வாரத்தில் ஜனாதிபதி எட்வர்ட் பெனெஷ், தன் 'நான்காவது திட்ட'த்தில் ஹென்லைன் கட்சி கேட்ட சுயாட்சியில் பெரும்பகுதியை ஒப்புக்கொண்டார். கட்சிக்கு இது சங்கடமாகிவிட்டது. ஆஸ்ட்ராவா நகரில் போலீசாருடன் நடந்த ஒரு கைகலப்பைக் காரணம் காட்டிப் பேச்சை முறித்துக்கொண்டது. கேட்டது கிடைத்ததும் பேச்சை முறிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு வேண்டியது வேறு ஏதோ என்று லண்டனும் பாரிஸும் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

செக்கோஸ்லோவாக்கியா தனித்து நின்ற நாடு அல்ல. பிரான்ஸுடன் 1924-ல் நட்பு ஒப்பந்தமும், 1925-ல் ஒருவருக்கொருவர் படை உதவி செய்வதற்கான ஒப்பந்தமும் போட்டிருந்தது. சோவியத் யூனியனுடன் 1935-ல் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆனால் பிரான்ஸ் முதலில் உதவிக்கு வந்தால்தான் சோவியத்தும் வரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. பிரிட்டனோ நேரடியாக எந்த வாக்கும் தந்திருக்கவில்லை. ஆனால் பிரிட்டன் நகராமல் பிரான்ஸ் நகராது. ஆகவே சட்டப்படி கடமைப்பட்டிருந்தது பிரான்ஸ் என்றாலும், முடிவை எடுத்தது லண்டன்.

செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின் விமானம் ஏறி ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடனுக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தார். 69 வயதில் அப்படிக் கிளம்பிப் போனதை உலகமே பாராட்டியது. சுடேட்டன் பகுதி பிரிந்து போவதில் தனிப்பட்ட முறையில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அங்கே சொல்லிவிட்டு வந்தார். அதற்கு முன் பிராக் அரசிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் பிரெஞ்சுப் பிரதமர் தலாதியேயை லண்டனுக்கு வரவழைத்துச் சம்மதிக்க வைத்தார். 19-ஆம் தேதி இரு நாடுகளின் கூட்டு யோசனை பிராகில் பெனெஷிடம் தரப்பட்டது. ஜெர்மானியர் பாதிக்கு மேல் வாழும் பகுதிகளையெல்லாம் ஜெர்மனிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதோடு, இருக்கும் படை உதவி ஒப்பந்தங்களையும் கைவிட வேண்டும். அதற்கு ஈடாக, மிச்சமிருக்கும் நாட்டுக்கு ஒரு சர்வதேச உத்தரவாதம் தரப்படும், அதில் பிரிட்டனும் சேரும்.

கையில் இருக்கும் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, வரப்போகும் உத்தரவாதத்தை நம்பச் சொன்னார்கள். கையில் இருக்கும் ஒப்பந்தத்தைக் காப்பாற்றாதவர்களேதான் அதைச் சொன்னார்கள்.

20-ஆம் தேதி பெனெஷ் அரசு மறுத்தது. அந்த மறுப்பில் ஆவேசம் எதுவும் இல்லை. ஜெர்மனியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1925-ல் செய்துகொண்ட நடுவர் தீர்ப்பு ஒப்பந்தம் ஒன்று அமலில் இருந்தது. அதன்படி இந்தத் தகராறை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம், தீர்ப்பு எதுவானாலும் கட்டுப்படுகிறோம் என்றார்கள். இதைவிட நியாயமான பதிலை ஒரு சிறிய நாடு தர முடியுமா என்று தெரியவில்லை.

அன்று நள்ளிரவு தாண்டி, 21-ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு, பிரிட்டிஷ் தூதர் பாசில் நியூட்டனும் பிரெஞ்சுத் தூதர் லக்ருவாவும் பிராக் கோட்டைக்குப் போய்ப் படுக்கையிலிருந்து பெனெஷை எழுப்பினார்கள். யோசனையை நிபந்தனையின்றி உடனே ஏற்க வேண்டும், மறுத்துப் போர் வந்தால் அதற்குச் செக் அரசே பொறுப்பு, பிரான்ஸ் அந்தப் போரில் சேராது. இதுதான் செய்தி. ராணுவ மிரட்டல் கொடுத்தவன் ஹிட்லர். ஆனால் போருக்கான பழியை நண்பர்கள் கொண்டுவந்து இறக்கி வைத்தது பிராகின் தலையில். அன்று மாலைக்குள் பெனெஷ் அரசு பணிந்தது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். செக் பிரதமர் மிலான் ஹோட்ஸாவே, மக்களிடம் காட்ட ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக இப்படி ஒரு கடுமையான செய்தியைக் கேட்டு வாங்கினார் என்று பிரெஞ்சுத் தரப்பு பின்னால் சொன்னது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பிரான்ஸ் வராது என்பது அதனால் மாறிவிடவில்லை. அந்த உண்மைதான் ஹோட்ஸாவை அந்த நிலைக்குத் தள்ளியிருக்கும்.

செய்தி வெளியானதும் பிராகின் தெருக்களில் லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். 22-ஆம் தேதி ஹோட்ஸா அரசு விழுந்தது. ஜெனரல் யான் சிரோவி பிரதமரானார். 23-ஆம் தேதி இரவு படைதிரட்டும் அறிவிப்பு வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள்.

சேம்பர்லினுக்கு இதற்குள் வேறோர் அனுபவம் கிடைத்திருந்தது. 22-ஆம் தேதி பிராகின் சம்மதத்தோடு ஜெர்மனியின் கோடஸ்பெர்க் நகருக்குப் போய் ஹிட்லரை மறுபடி சந்தித்தார். கேட்டதைக் கொண்டுவந்துவிட்டேன் என்றார். ஹிட்லரோ, இனி அது போதாது என்று சொல்லிவிட்டார். அக்டோபர் 1-க்குள் ஜெர்மன் படை உள்ளே நுழைய வேண்டும், வெளியேறும் செக் மக்கள் தானியத்தையோ கால்நடைகளையோ எடுத்துப்போகக் கூடாது, போலந்தும் ஹங்கேரியும் கேட்பதையும் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் நீண்டது. ஒரு வாரத்துக்கு முன் கேட்டது கிடைத்துவிட்டதால்தான் அடுத்ததைக் கேட்கும் துணிவு வந்தது. நட்பு நாட்டை நெருக்கி வாங்கிக் கொடுத்த சலுகை எதிரியைச் சமாதானப்படுத்தவில்லை. நெருக்கினால் இன்னும் கிடைக்கும் என்பதை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது.

செப்டம்பர் 29 அன்று ம்யூனிக்கில் ஹிட்லர், முசோலினி, சேம்பர்லின், தலாதியே நால்வரும் கூடினார்கள். யாருடைய நாட்டைப் பற்றிப் பேசினார்களோ அந்த நாட்டுக்கு மேசையில் இடமில்லை. மாஸ்ட்னி, மசாரிக் என்ற இரண்டு செக் தூதரக அதிகாரிகள் ஒரு விடுதி அறையில் காத்திருந்தார்கள். அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் அவர்களை அழைத்து, முடிந்துபோன ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். உங்கள் பதில் தேவையில்லை என்றும் சொல்லப்பட்டது. பேச்சின்போது சேம்பர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார் என்று மசாரிக் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். 'எங்களைப் பற்றி, நாங்கள் இல்லாமல்' என்ற சொற்றொடர் செக் மக்களிடம் இன்றும் புழங்குவது இதனால்தான்.

போனது என்ன என்று பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். பக்கத்து நாடுகள் பிடுங்கியதையும் சேர்த்தால், நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதமும் மக்களில் மூன்றில் ஒரு பங்கும் போயின. போனவர்களில் பல லட்சம் செக் மக்களும் அடக்கம். ம்யூனிக் முடிந்த கையோடு போலந்து தெஷின் பகுதியை எடுத்துக்கொண்டது. நவம்பர் 2 அன்று வியன்னாவில் ஜெர்மன், இத்தாலிய வெளியுறவு அமைச்சர்கள் சேர்ந்து தெற்கு ஸ்லோவாக்கியாவை ஹங்கேரிக்குக் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பதைவிடப் பெரிய இழப்பு, அந்த மலைத்தொடர். செக் ராணுவம் 1935 முதல் எல்லை மலைகளில் சிறியதும் பெரியதுமாகச் சுமார் 10,000 காங்கிரீட் அரண்களைக் கட்டியிருந்தது. வேலை முழுதாக முடியவில்லை. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்ட பிறகு தெற்கு எல்லை பலவீனமாகத்தான் இருந்தது. இருந்தாலும், அந்த அரண்களை உடைக்கும் வசதி அப்போது எங்களிடம் இல்லை என்று ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் போருக்குப் பின் நூரம்பெர்க் விசாரணையில் சாட்சி சொன்னார். அந்த அரண்கள் அத்தனையும் ஒரு குண்டுகூடச் சுடாமல் எதிரி கைக்குப் போயின. வரைபடத்தில் அது 'ஜெர்மானியர் பெரும்பான்மையாக வாழும் பகுதி'. நிஜத்தில் அது நாட்டின் காவல் சுவர்.

இப்படி நிலம் கேட்கப்படும் எந்தத் தகராறிலும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான். கேட்கப்படும் இடம் போன பிறகு மிச்ச நாட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், கேட்பவன் கேட்பது அந்த இடத்தை மட்டும் என்று நம்ப இடமில்லை.

உத்தரவாதம் என்ன ஆயிற்று? ம்யூனிக் ஒப்பந்தத்தின் இணைப்பில் அது எழுதப்பட்டிருந்தது. அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமைச்சர் தாமஸ் இன்ஸ்கிப், முறைப்படி கையெழுத்தாகாவிட்டாலும் அது அமலில் இருப்பதாகவே கருதும் தார்மீகக் கடமை அரசுக்கு உண்டு என்றார். ஐந்தரை மாதம் கழித்து, 1939 மார்ச் 14 அன்று, பெர்லினின் நெருக்கடியில் ஸ்லோவாக்கியா தனி நாடாக அறிவித்துக்கொண்டது. பெனெஷ் பதவி விலகிய பின் ஜனாதிபதியாகியிருந்த முதியவர் எமில் ஹாஹாவை அன்றிரவு பெர்லினில் உட்காரவைத்து, கையெழுத்துப் போடாவிட்டால் பிராகின்மீது குண்டு விழும் என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் மிரட்டினார். ஹாஹா மயங்கி விழுந்தார். மருத்துவர் ஊசி போட்டு எழுப்ப, கையெழுத்துப் போட்டார். 15-ஆம் தேதி ஜெர்மன் படை பிராகில் இருந்தது.

அன்று நாடாளுமன்றத்தில் சேம்பர்லின் சொன்ன விளக்கம் இது: எந்த நாட்டின் எல்லையைக் காப்பதாக நாம் சொன்னோமோ, அந்த நாடு உள்ளிருந்தே உடைந்து இல்லாமல் போய்விட்டது, ஆகவே அந்தக் கடமை நம்மை இனிக் கட்டுப்படுத்தாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. நாட்டை உடையக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தவர்களே, அது உடைந்ததைக் காரணம் காட்டி விலகிக்கொண்டார்கள். இது போதாதென்று, லண்டனில் செக் மத்திய வங்கிக்காக வைக்கப்பட்டிருந்த தங்கத்தில் சுமார் 23 டன் அதே மாதம் ஜெர்மனியின் கணக்குக்கு மாற்றப்பட்டது.

அடுத்த மாதம் ஹிட்லர் தன் நாடாளுமன்றத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் கிடைத்ததைப் பட்டியலிட்டார்: 1,500-க்கும் மேற்பட்ட விமானங்கள், 2,000-க்கும் மேற்பட்ட பீரங்கிகள், 469 டாங்கிகள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். பில்சன் நகரின் ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் அவர் கைக்கு வந்தது. 1940-ல் ஜெர்மன் தளபதி ரோமெல் பிரான்ஸுக்குள் ஓட்டிவந்த டாங்கிகளில் பல செக் தொழிற்சாலைகளில் செய்த ரகம். 1938-ல் தன் நண்பனைக் கைவிட்ட பிரான்ஸ், அந்த நண்பனின் ஆயுதத்தால் இரண்டே ஆண்டில் தாக்கப்பட்டது.

சேம்பர்லினுக்காக வாதாடுபவர்கள் முட்டாள்கள் அல்ல. 1938-ல் பிரிட்டனின் வான் பாதுகாப்பு மிகப் பலவீனம். ஸ்பிட்ஃபயர் விமானம் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் முதல் படைப்பிரிவுக்கு வந்தது. கடலோர ரேடார் நிலையங்கள் பாதிகூட முடியவில்லை. கனடாவும் தென்னாப்பிரிக்காவும் செக் விவகாரத்துக்காகப் போருக்கு வரத் தயாராக இல்லை. முதல் உலகப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. மகனை இழந்த வீடுகள் எல்லாத் தெருவிலும் இருந்தன. அந்தப் பயத்தை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. ம்யூனிக்கில் கிடைத்த ஓராண்டுதான் 1940-ல் பிரிட்டனைக் காப்பாற்றியது என்பது அவர்கள் வாதம்.

சரி, அந்த ஓராண்டு ஜெர்மனிக்கும்தானே கிடைத்தது? முப்பதுக்கும் மேற்பட்ட செக் டிவிஷன்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து காணாமல் போயின. சோவியத் யூனியன் மேற்கு நாடுகள்மீது நம்பிக்கை இழந்து, 1939 ஆகஸ்டில் ஹிட்லருடனேயே ஒப்பந்தம் போட்டது. லாபம் யாருக்கு என்று ராணுவ நிபுணர்கள் எண்பது ஆண்டாக வாதிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த வாதம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நம் கேள்விக்கான விடை மாறாது. பிரிட்டனுக்கு ஓராண்டு தேவைப்பட்டிருக்கலாம். அதற்கான விலையைக் கொடுத்தது யார்? 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பார்கள். லண்டன் சமாதானத்தைப் பரிமாறியது, நெய் போனது பிராகில். "எங்களால் இப்போது போரிட முடியாது" என்று மட்டும் சொல்லியிருந்தால், போரிடுவதா பணிவதா என்ற முடிவு செக் மக்களிடம் இருந்திருக்கும். தனித்துப் போரிட்டிருந்தால் அவர்கள் தோற்றிருக்கவும் கூடும். பெனெஷ் பணிந்தது சரியா என்று அவர்கள் இன்றும் தங்களுக்குள் வாதிடுகிறார்கள். அந்த வாதம் அவர்களுக்கு உரியது.

ம்யூனிக்கைக் கடுமையாகத் தாக்கிப் பேசியவர் சர்ச்சில். அதே சர்ச்சில் ஆறு ஆண்டு கழித்துப் போலந்திடம் இதையே செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். 1943 இறுதியில் டெஹ்ரானில், போலந்தின் எல்லையை மேற்கே நகர்த்துவது பற்றி ஸ்டாலினுக்கு மூன்று தீக்குச்சிகளை வைத்து விளக்கிக் காட்டியவர் அவர். 1944 அக்டோபரில் மாஸ்கோவில், நாட்டைவிட்டு லண்டனில் தங்கியிருந்த போலந்து அரசின் பிரதமர் மிகோவாய்ச்சிக்கிடம், நாட்டின் கிழக்குப் பகுதியை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கும்படி கத்தினார். நீங்கள் ஐரோப்பாவையே குலைக்கப் பார்க்கிறீர்கள் என்றார். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் போலந்து வீரர்கள் இத்தாலியில் மான்டே காசினோ மலையைப் பிடித்திருந்தார்கள். அவர்களில் பலருடைய சொந்த ஊர், கொடுக்கச் சொன்ன அந்தக் கிழக்குப் பகுதியில்தான் இருந்தது.

சர்ச்சிலின் நிலைமை சேம்பர்லினுடையதைவிடக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சோவியத்தின் செம்படை ஏற்கெனவே அந்த நிலத்தில் நின்றது. அதை வெளியேற்றும் பலம் பிரிட்டனிடம் இல்லை. நிலம் போனால் போகட்டும், சுதந்திரமான போலந்து அரசாவது மிஞ்சட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அங்கேயும் அதே வரிசைதான். சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர் கிழக்கில் போனது. மேற்கில் ஜெர்மனியிடமிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் கிடைத்தது. 1945-ல் யால்டா மாநாட்டில் வாக்களிக்கப்பட்ட சுதந்திரத் தேர்தல் மட்டும் வரவில்லை. 1947-ல் நடந்த தேர்தல் மோசடித் தேர்தல். தாயகம் திரும்பி அதில் நின்ற மிகோவாய்ச்சிக் அந்த ஆண்டே உயிர் தப்பி வெளியேற வேண்டியிருந்தது.

அப்படியானால் நட்பு நாட்டை எப்போதுமே நெருக்கக் கூடாதா? நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. 1956-ல் பிரிட்டன், பிரான்ஸுடன் சேர்ந்து இஸ்ரேல் எகிப்தைத் தாக்கி சினாயைப் பிடித்தது. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் அதை விட்டு வெளியேறச் சொல்லி நெருக்கினார். வேறொரு நாட்டைத் தாக்கி அதன் நிலத்தைப் பிடித்த நாடு, வெளியேறுவதற்கு நிபந்தனை போடலாமா என்று 1957 பிப்ரவரி 20 அன்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே கேட்டார். அந்த நெருக்கடி சரியானது என்றே நினைக்கிறேன். அடுத்தவர் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதும் சொந்த நிலத்தைக் கொடுக்கச் சொல்வதும் ஒன்றாகாது.

ஆனால் அங்கும் உத்தரவாதம் என்ற இடத்தில் கதை இடறியது. இஸ்ரேல் 1957 மார்ச்சில் வெளியேறியதற்கு ஈடாக, இஸ்ரேலின் தெற்குத் துறைமுகத்துக்குக் கடல்வழியான திரான் நீரிணையில் கப்பல்கள் தடையின்றிப் போகலாம் என்ற நிலைப்பாட்டை அமெரிக்கா எழுத்தில் தந்தது. ஐ.நா. படையும் நிறுத்தப்பட்டது. அதில் இந்திய வீரர்களும் இருந்தார்கள். 1967 மே மாதம் எகிப்து ஜனாதிபதி நாசர் அந்தப் படையை வெளியேறச் சொன்னார், அது வெளியேறியது. நீரிணையை மூடினார். இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் அப்பா எபான் வாஷிங்டனுக்குப் போய்ப் பழைய வாக்கை நினைவூட்டினார். வியட்நாமில் மாட்டிக்கொண்டிருந்த அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனால், நீரிணையைத் திறக்கப் பல நாட்டுக் கப்பற்படையைத் திரட்ட முடியவில்லை. ஜூன் 5 அன்று போர் வெடித்தது. நியாயமான காரணத்துக்காகத் தரப்பட்ட வாக்குக்கே பத்தாண்டுதான் ஆயுள்.

வாக்கு நிலைத்த இடமும் உண்டு. தென்கொரியாவைப் பாருங்கள். 1953-ல் அமெரிக்கா போரை நிறுத்த முடிவு செய்தபோது ஜனாதிபதி சிங்மன் ரீ கடைசிவரை எதிர்த்தார். நாடு பிரிந்தபடியே போர் நிற்பதை அவரால் ஏற்க முடியவில்லை. போர்நிறுத்தப் பேச்சைக் கெடுப்பதற்காக ஜூன் 18 அன்று சுமார் 27,000 போர்க்கைதிகளைத் திறந்துவிட்டார். அமெரிக்கா அவரை நெருக்கியது உண்மை. ஆனால் வடபகுதி எதிரிக்குச் சொந்தம் என்று அவரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. ஜூலை 27 ஒப்பந்தத்தில் தென்கொரியா கையெழுத்திடவே இல்லை. போர்நிறுத்தத்தைத் தடுக்காமலிருந்தால் போதும் என்றார்கள். அதற்கு ஈடாக அக்டோபர் 1 அன்று பாதுகாப்பு ஒப்பந்தம், பொருளாதார உதவி, ராணுவத்தை விரிவாக்கும் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மண்ணிலேயே அமெரிக்கப் படை. இன்றும் சுமார் 28,500 பேர் அங்கே இருக்கிறார்கள். மறுபடி தாக்குதல் வந்தால் அமெரிக்க வீரர்களும் சாவார்கள் என்பதுதான் அந்த உத்தரவாதத்தின் கனம். ம்யூனிக்கில் அப்படி ஒரு பிரிட்டிஷ் சிப்பாய்கூடச் செக் மண்ணில் நிறுத்தப்படவில்லை.

பிடிபட்ட நிலத்தை இப்போதைக்கு மீட்க முடியாது என்று ஒப்புக்கொள்வதற்கும், அது உன்னுடையதே அல்ல என்று எழுதிக் கொடுக்கச் சொல்வதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றையும் 1940-ல் சோவியத் யூனியன் விழுங்கியபோது அமெரிக்கா அவற்றுக்காகப் போரிடவில்லை. ஆனால் அந்த இணைப்பை அங்கீகரிக்கவும் இல்லை. அந்த நாடுகளின் தூதர்கள் அமெரிக்காவில் தொடர்ந்து இயங்கினார்கள். 1991-ல் அவை மறுபடி சுதந்திரம் பெற்றபோது, புதிய நாடுகளாக வந்து நிற்கவில்லை, பழைய நாடுகளாகவே திரும்பின.

இந்தக் கேள்வி இப்போது எழுவது உக்ரைனால் என்று ஊகிக்கிறேன். 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட்டில், அணு ஆயுதங்களைக் கைவிடும் உக்ரைனின் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. அதில் ஒரு நாடு 2014-லும் 2022-லும் படையெடுத்தது. 2024 ஜூன் 14 அன்று புடின் வைத்த நிபந்தனையில், தன் படை பிடித்த பகுதிகள் மட்டும் இல்லை. தன் கையில் இல்லாத ஸபோரிஷ்ஷியா, கெர்சோன் நகரங்களையும், டோனெட்ஸ்கில் உக்ரைன் பல ஆண்டுகளாக அரண் கட்டிக் காத்துவந்த கிராமடோர்ஸ்க், ஸ்லோவியான்ஸ்க் பகுதியையும் விட்டு வெளியேற வேண்டும் என்றார். போரிட்டுப் பிடிக்க முடியாத அரணைப் பேச்சில் வாங்கிக் கொடுக்கும்படி மூன்றாவது நாட்டைக் கேட்பது, 1938 செப்டம்பரில் கேட்கப்பட்டது போலவே இருக்கிறது.

போர்க்களத்தில் இன்று இருக்கும் கோட்டிலேயே துப்பாக்கிகள் ஓயட்டும் என்று உக்ரைன் மக்களே முடிவெடுத்தால், அதைக் குறைசொல்ல வெளியிலிருக்கும் யாருக்கும் உரிமை இல்லை. நான்கு கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் பிள்ளைகளைப் புதைப்பவர்கள் அவர்கள். அமெரிக்காவோ ஐரோப்பாவோ அந்த முடிவை விரைவுபடுத்த விரும்பினால், நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தங்கள் படையில் எத்தனை பேரை எந்த ஊரில் எத்தனை ஆண்டுக்கு நிறுத்தப்போகிறோம் என்பதைத் தங்கள் நாடாளுமன்றங்களில் நிறைவேற்றிக் கொண்டுவரட்டும். அதற்குத் துணிவில்லை என்றால், "எங்களால் முடியாது" என்று உக்ரைன் அரசிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கையெழுத்துக் கேட்டுப் போக வேண்டியதில்லை.